எந்தக் கை என்பதும் முக்கியம்தான்

இறுக்கி மூடின போத்தலைத் திறக்க ஏலுமா? ஸ்வெட்டர் போட ஏலுமா? கோல்ஃப், டெனிஸ் மாதிரி விளையாட்டுகள் விளையாட ஏலுமா?

கை முறிந்தோ, நரம்பு வெட்டுப்பட்டோ சிகிச்சைக்குப் போகிறவர்களிடம் உலகின் பல நாடுகளில் கேட்கப்படும் கேள்விகள் இவை. டாஷ் என்று அழைக்கப்படும் இந்த வினாக்கொத்து 1996இல் வட அமெரிக்காவில் உருவானது. மொத்தம் 30 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 1இலிருந்து 5 வரை ஓர் எண். கடைசியில் 0க்கும் 100க்கும் இடையில் ஒரு புள்ளி வரும். 0 என்றால் குறை ஒன்றுமில்லை. புள்ளி கூடக் கூட இயலாமையும் கூட.

இதை மோசமான கருவி என்று நான் சொல்ல வரவில்லை. விரல் எத்தனை பாகை மடங்குது, பிடிக்கு எத்தனை கிலோ பலம் என்று மட்டும் அளந்து அனுப்பிவிடாமல், 'வீட்டில என்ன செய்ய ஏலுது?' என்று நோயாளியிடமே கேட்டது பெரிய விசயம். என் பிரச்சினை வேறு: அது யாருடைய வீடு?

அந்த 30 கேள்விகளில் கையால் சோறு குழைத்துச் சாப்பிடுவது பற்றி ஒன்றும் இல்லை. கத்தியால் உணவை வெட்டுவது பற்றி ஒன்று இருக்கு. மேசையில் கத்தியும் முள்ளுக்கரண்டியும் வைத்துச் சாப்பிடுகிறவருக்கு அது ஒவ்வொரு நாளும் நடக்கிற காரியம். எங்கட அம்மம்மாவிடம் கேட்டால், மரக்கறி வெட்டுறதையோ மீன் வெட்டுறதையோதான் கேட்கினம் எண்டு நினைப்பா. கேள்வியைத் தமிழில் மொழிபெயர்த்தாலும் இந்தச் சிக்கல் தீராது. சொல் மாறும், சாப்பாட்டு மேசை அப்படியே இருக்கும்.

தேங்காய் திருவுவது, பால் பிழிவது, புட்டுக்கு மாக் குழைப்பது, இடியப்பம் பிழிவது, கிணற்றில் அள்ளிக் குளிப்பது, சேலைக்குக் கொசுவம் பிடிப்பது, சாரத்தை இறுக்கிக் கட்டுவது என்று ஒரு நாளில் எங்கட கை செய்கிற வேலைகளை எண்ணிப் பாருங்கோ. இடியப்பம் பிழிய இரண்டு மணிக்கட்டும் வேணும், உள்ளங்கைப் பலமும் வேணும். 'உணவு தயாரிக்க முடியுமா?' என்ற ஒற்றைக் கேள்விக்குள் இதெல்லாம் காணாமல் போய்விடுகிறது. ரீ வைக்க ஏலும்தானே எண்டு, 'கொஞ்சம் கஷ்டம்' என்ற பெட்டியில் புள்ளடி விழும்.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது அந்தப் படிவத்தில் உள்ள ஓர் அறிவுறுத்தல். எந்தக் கையால் செய்கிறீர்கள் என்பது முக்கியமில்லை, செய்ய முடிகிறதா என்பதை மட்டும் பாருங்கள் என்று அது சொல்கிறது. எங்களுக்கு எந்தக் கை என்பது எவ்வளவு முக்கியம்! சாப்பிட வலது கை, கால் கழுவ இடது கை. திருநீறு வாங்க, காசு கொடுக்க, பந்தியில் பரிமாற வலது கை. வலது கை பழுதானவர் இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிடலாம், படிவத்தின்படி பெரிய குறையில்லை. ஆனால் அந்தக் கையோட பந்தியில இருக்க வெட்கப்பட்டு, அவர் கலியாண வீடுகளுக்குப் போறதையே விட்டிருப்பார். இடது கை பழுதானவருக்கு மலசலகூடமே பிரச்சினை. அதைப் பற்றி 30 கேள்விகளில் ஒன்றுகூட இல்லை. அவரும் வாய் திறந்து சொல்லமாட்டார்.

உறவுகளோடு பழக இடைஞ்சலா, வேலைக்கு இடைஞ்சலா என்று பொதுவான கேள்விகள் இருக்கின்றனதான். ஆனால் மலையகத்தில் கொழுந்து பறிக்கிற ஒரு பெண்ணுக்குப் பெருவிரல் நுனி மரத்துப் போனால், 'ஓரளவு இடைஞ்சல்' என்பதற்குப் பொருள் அரைப்பேர். அதாவது அன்றைக்குப் பாதிச் சம்பளம். அந்தப் பெட்டிக்குள் இது எப்படித் தெரியும்?

இன்னொன்றும் இருக்கு. மூன்று கேள்விகளுக்கு மேல் விடாமல் நிரப்பினால்தான் டாஷ் புள்ளியைக் கணக்கிடலாம். கோல்ஃப், ஸ்வெட்டர், முடி உலர்த்தும் கருவி என்று தன் வாழ்வில் இல்லாததை எல்லாம் ஒருவர் விட்டுவிடவும் ஏலாது, ஊகித்து எண் போடவேண்டும். அந்த ஊகங்களும் சேர்ந்துதான் அவருடைய புள்ளி ஆகிறது.

பொது அளவுகோல் இல்லாவிட்டால் ஒரு சிகிச்சையை இன்னொன்றோடு எப்படி ஒப்பிடுவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. டாஷ் இருக்கட்டும். அதோடு இன்னொன்றையும் சேர்ப்போம் என்கிறேன். நோயாளியே தனக்கு முக்கியமான சில வேலைகளைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் 0இலிருந்து 10 வரை எண் கொடுக்கும் முறை 1990களிலேயே வந்துவிட்டது. 0 என்றால் செய்யவே ஏலாது, 10 என்றால் காயப்பட முந்தி செய்த மாதிரியே செய்யலாம். இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு தாளும், கேட்கப் பத்து நிமிசமும் போதும். புட்டுக் குழைப்பதையும் அதில் எழுதலாம், வலை தைப்பதையும் எழுதலாம்.

இதை ஏன் இளையவர்களுக்கு எழுதுகிறேன் என்றால், கிளினிக்குக்கு அம்மம்மாவையோ அப்பப்பாவையோ கூட்டிக்கொண்டு போகிறவர்கள் நாங்கள்தான். படிவத்தை வாசித்துச் சொல்வதும், பல நேரம் அவர்களுக்காகப் புள்ளடி போடுவதும் நாங்கள்தான். அடுத்த முறை போக முந்தி வீட்டில் ஒருக்கா கேளுங்கோ: "நேற்றுக் காலமை எழும்பினதில இருந்து படுக்கும் வரைக்கும் உங்கட கை என்னென்ன செய்தது? முந்திச் செய்து இப்ப விட்டது எது?" அவர்கள் சொல்வதை எழுதிக்கொண்டு போய் சிகிச்சையாளரிடம் கொடுங்கள். இடம் இல்லை என்றால் படிவத்தின் பின்பக்கத்தில் எழுதுங்கள். அம்மம்மாவுக்குத் திரும்ப வேண்டியது எந்தக் கை, எந்த வேலைக்கு என்பது அப்போதாவது சிகிச்சையாளருக்குத் தெரியவரும்.