ஓர் ஆசிரியர், 11 கல்லூரிகள்!

ஓருடல் படைத்த ஒருவர் ஒரே பொழுதில் 11 கல்லூரிகளில் முழுநேர ஆசிரியராய் இருத்தல் இயலுமோ? இயலும் என்று எழுதிக் கொடுத்திருந்தனர் நம் பொறியியற் கல்லூரியாளர்! அவ்வெழுத்தை ஏற்று அக்கல்லூரிகளுக்கு இணைப்பும் வழங்கியிருந்தது அண்ணா பல்கலைக்கழகம்.

2024 சூலையில் அறப்போர் இயக்கம் இப்புரட்டை வெளிக்கொணர்ந்தது. 2023–24ஆம் கல்வியாண்டில் 224 கல்லூரிகளில் 353 பேர் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் முழுநேர ஆசிரியராகக் காட்டப்பட்டிருந்தனர் என்பது அவ்வியக்கத்தின் கணக்கு. பின்னர்ப் பல்கலைக்கழகமே, 189 பேர் ஏறத்தாழ 2000 பணியிடங்களில் காட்டப்பட்டிருந்ததை ஒப்புக்கொண்டது. இடத்துக்கு இடம் வேறு வேறு ஆதார் எண். பிறந்த நாளோ ஒன்றே!

ஈண்டு நாம் எண்ணிப் பார்க்கவேண்டுவது ஒன்றுண்டு. அப்பெயர்ப் பட்டியல் எங்கோ பூட்டிய பேழையுள் கிடக்கவில்லை. பல்கலைக்கழகத்தின் இணையத்தளத்திலேயே கிடந்தது. ஒரு பெயரும் ஒரு பிறந்த நாளும் எத்தனை முறை வருகின்றன என்று கேட்டால், கணிப்பொறி இமைப்பொழுதில் விடை தந்துவிடும். கேட்பதற்குத்தான் ஆளில்லை. கல்லூரிதோறும் நேரிற் சென்று ஆய்ந்ததாகச் சொல்லப்பட்ட குழுக்கள் கேட்கவில்லை. இணைப்பு வழங்கியோர் கேட்கவில்லை. வெளியே நின்ற பொதுமக்கள் சிலர் கேட்டனர். பொறியியலைக் கற்பிக்கும் பல்கலைக்கழகத்துக்குப் பொறியைப் பயன்படுத்தத் தெரியவில்லை என்று நம்புவதற்கு நாம் அத்துணைப் பேதையரல்லேம்.

நடுவணரசின் தரமதிப்பீட்டு அவையாகிய 'நாக்' 1994இல் தோன்றியது. 2017இல் அது தன் மதிப்பீட்டின் பெரும்பகுதியை இணையவழித் தரவுகளுக்கு மாற்றிற்று. எண்கள் பொறிவழி வந்தன. மாந்தர் பழைய மாந்தராகவே வந்தனர். உயர்தரப் புள்ளி வழங்கக் கையூட்டுப் பெற்றதாக அவ்வவையின் ஆய்வுக்குழுவினரை நடுவண் புலனாய்வுத்துறை 2025 பெப்பிரவரியில் தளைப்படுத்தியது.

ஆகவே, இன்னுமொரு படிவம், இன்னுமொரு மென்பொருள் என்று அடுக்குவதால் பயனில்லை. கல்லூரி தரும் தரவை அக்கல்லூரியின் மாணவர் கண்முன் வைக்கவேண்டும். துறைதோறும் ஆசிரியர் பெயர், படம், தகுதி, வேறிடத்தில் அதே பெயர் உள்ளதா என்னும் குறிப்பு ஆகியவற்றை ஆண்டுதோறும் வெளியிடுக! தவறெனக் கண்டால் மாணவர் முறையிடவும், முறையிட்டவர் பெயர் மறைந்திருக்கவும் வழி செய்க!

அப்பட்டியல் தமிழில் இருத்தல் வேண்டும். இதனை மொழிவெறி என்று எவரேனும் நகைப்பின், நகைக்கட்டும். நிலத்தை அடகுவைத்து மகளைப் பொறியியற் கல்லூரியிற் சேர்க்கும் உழவர், அவளுக்குக் கற்பிப்பவர் யாரென்று தம் மொழியிற் படித்தறியக் கூடாதா? ஆங்கிலத்தில் எழுதி ஒரு மூலையில் இட்டுவைத்த ஏடு வெளியிட்டதும் ஆகாது, மறைத்ததும் ஆகாது. இரண்டுக்கும் இடையிலே பிழைப்பவர்க்கே அது நன்மை.

அந்த 11 கல்லூரி மாணவர்களுள் அவ்வாசிரியரின் முகத்தைக் கண்டவர் எத்தனை பேர்? இக்கேள்வியை மாணவரிடம் அன்றே கேட்டிருக்கலாம்.