சபதம் ஏட்டிலா, கட்டிலருகிலா?

வெள்ளை அங்கி புதிது. கழுத்திலே தொங்கும் ஸ்டெதஸ்கோப் புதிது. கண்களிலே மின்னும் ஆர்வமும் புதிது. ஆனால் கட்டிலிலே கிடக்கும் துன்பம் பழையது, மிகமிகப் பழையது! விருதுநகரில் 2022 சனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியின் மாணவர், ஏட்டை மூடிவைத்துவிட்டு நோயாளியின் அருகே முதன்முதலாகச் செல்லும்போது காண்பது யாரை? சிவகாசியிலே திரி வெட்டிய கையை. சாத்தூரிலே தீக்குச்சி அடுக்கிய விரலை. வெம்பக்கோட்டையிலே வெடிமருந்து நிரப்பிய உடலை! ஊரார் ஒருநாள் ஒளி காண, ஆண்டெல்லாம் நெருப்போடு வாழ்பவர்கள் இவர்கள்.

இவர்களைத் தொடுமுன் மாணவர் யாருக்கு உறுதி கூற வேண்டும்?

2022இல் தேசிய மருத்துவ ஆணையம் ஒரு விடை தந்தது: சரகர் பெயரால் சபதம்! அவ்வாண்டு ஏப்ரல் 30 அன்று மதுரை மருத்துவக் கல்லூரியில் மாணவர்கள் அதனை ஓதினர், தமிழகம் கொதித்தது. கொதித்ததில் தவறென்ன? சரக சங்கிதையைப் புரட்டிப் பாருங்கள். அரசன் வெறுப்பவனுக்கு மருந்து தராதே என்கிறது. கணவனோ காப்பாளனோ உடனில்லாத பெண்ணுக்கு மருத்துவம் செய்யாதே என்கிறது. ஆயுர்வேதம் கற்கத்தக்கவர் எனக் கூறுமிடத்தில் மூன்று வருணத்தாரையே எண்ணுகிறது. ஆலையிலிருந்து கருகிய உடலோடு தூக்கிவரப்படும் தங்கைக்கு, கணவன் வரும்வரை காத்திரு என்பதா கருணை?

“ஹிப்போகிரட்டீஸ் மட்டும் நம்மவரோ?” என்று கேலி பேசுவோர் உண்டு. அவர் பெயரால் வழங்கும் பழைய உறுதிமொழி அப்போலோ என்னும் கிரேக்கக் கடவுளை அழைத்தே தொடங்குகிறது. அந்தக் கடவுளும் நமக்கு வேண்டாம்! 1948இல் ஜெனீவாவில் உலக மருத்துவக் கழகம் வகுத்த உறுதிமொழி இருக்கிறது. மதமோ, இனமோ, கட்சியோ, சமூக நிலையோ கடமைக்கும் நோயாளிக்கும் இடையே குறுக்கிடலாகாது என்பது அதன் சாரம். எந்தக் கடவுளையும் அது சாட்சிக்கு அழைக்கவில்லை. மருத்துவன் தன் மானத்தின்மீதே ஆணையிடுகிறான். தன்மானத்தைவிடச் சிறந்த சாட்சி எது?

ஆயினும் தோழர்களே, ஏட்டை மாற்றினால் போதுமா? மண்டபத்திலே மனிதநேயத்தை முழங்கிவிட்டு, மறுநாள் ஒரு கட்டிலைச் சுற்றிப் பத்துப்பேர் நின்று, பெயரைக்கூடக் கேளாமல் “அந்தத் தீக்காயக் கேஸ்” என்றால், அந்த முழக்கத்தின் மதிப்பென்ன? இசைவு கேளாமல் போர்வையை விலக்குவதும், அவள் புண்ணைப் பற்றி அவள் முன்னாலேயே அவளுக்குப் புரியாத மொழியில் விவாதிப்பதும் கல்வியா? சீமான் படுத்திருக்கும் தனியறையில் இதைச் செய்யத் துணிவுண்டா? ஏழை இலவச மருத்துவத்துக்கு வந்தான். தன் மானத்தை அதற்கு விலையாகக் கொடுக்க வரவில்லை! 2019 முதல் பாடத்திட்டத்திலேயே மனப்பான்மை, நெறி, உரையாடல் ஆகியவற்றுக்கு இடமளித்திருக்கிறார்கள். நன்று! அந்தப் பாடத்துக்குத் தேர்வுக்கூடம் நோயாளியின் கட்டிலே.

இன்னொன்றும் வேண்டும். நோயாளியிடம் கேட்கும் பழைய கேள்விகளோடு, “நீ செய்யும் தொழில் என்ன?” என்பதையும் சேர்க்கச் சொன்னார் இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி, 1700இல். முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தக் கேள்விக்குப் பட்டாசு மண்ணைவிடப் பொருத்தமான இடமில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி வெடிவிபத்தில் ஏறத்தாழ நாற்பது உயிர்கள் கருகின; உதவ ஓடிவந்தவர்களும் அவர்களில் உண்டு. “விதி” என்றனர் சிலர். விதியா? எந்த அறை, எந்த மருந்து, எத்தனைபேர் அமர்ந்திருந்தார்கள், வெளியேற வழி இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள். விதியின் முகமூடி கழன்று அலட்சியத்தின் முகம் தெரியும்!

மாணவ நண்பனே! எரிந்த பரப்பை அளந்து, இழந்த நீரை ஈடுசெய்யக் கற்றுக்கொள். அது உயிரைக் காக்கும். பெயரைக் கேள், இசைவைக் கேள், தொழிலைக் கேள். கேட்டதை அப்படியே குறிப்பேட்டில் எழுது. “தீக்காயம்” என்று மட்டும் எழுதினால் காயம் மட்டுமே பதிவாகும். காரணத்தையும் எழுது, அது நாளை ஆலைக் கதவைத் தட்டும் சாட்சியாகும். அந்த எழுத்தே உன் சபதம்!