முதலில் விளக்கு, பிறகு முருகை

உப்புத்தண்ணித் தொட்டி வைக்கிற ஆசை வந்தவுடன் எங்களில் கனபேர் செய்யிற ஒழுங்கு இதுதான்: தொட்டி, கல்லு, மீன், முருகை எல்லாம் வாங்கி முடிச்சு, மிஞ்சின காசுக்கு ஒரு விளக்கு. பார்க்க நீலமாக, வடிவாக எரிஞ்சால் போதும் என்ற நினைப்பு. இந்த ஒழுங்கைத் தலைகீழாக்க வேண்டும் என்பதுதான் எங்கள் கருத்து. மீன் மட்டும் வளர்க்கிறவருக்கு விளக்கு அலங்காரம். முருகை வளர்க்கிறவருக்கு அது சாப்பாடு.

முருகை கல்லும் இல்லை, செடியும் இல்லை. அது ஒரு விலங்கு. ஆனால் அதன் சதைக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளியை வாங்கி உணவு தயாரித்து, அதில் பெரும்பங்கை முருகைக்குக் கொடுக்கின்றன. ஒளி குறைஞ்சால் முருகை மெல்ல மெல்லப் பட்டினி கிடக்கும். மண்ணிறமாகி, வெளிச்சம் இருக்கிற பக்கம் நீண்டு வளரும். ஒளி திடீரெண்டு கூடினால் நிலைமை இன்னும் மோசம். பாசிகள் நச்சுத்தன்மையான ஒட்சிசனைக் கக்கத் தொடங்கும், முருகை அவற்றை வெளியே துரத்தும், சில நாளிலேயே வெளிறிப்போகும்.

ஆகவே "எத்தனை வாட்ஸ்?" என்று கடையில் கேட்பது பிழையான கேள்வி. வாட்ஸ் சொல்வது விளக்கு இழுக்கிற கரண்டை. முருகைக்குத் தேவை பிஏஆர் என்ற கணக்கு. 400 முதல் 700 நனோமீற்றர் வரையான, பாசிக்குப் பயன்படக்கூடிய ஒளி எவ்வளவு வந்து விழுகிறது என்பதை அது சொல்கிறது. மஷ்ரூம், சோஆன்தஸ், தோல் முருகை போன்ற மென்மையான வகைகளுக்கு 50 முதல் 150 வரை காணும். மான்கொம்பு போலக் கிளைவிடுகிற வன்முருகைகளுக்கு 200க்கு மேல் வேணும். புதுசாகத் தொடங்குகிறவர் முதல் வகையோடு நிற்பதுதான் புத்தி. விளக்கின் விலையும் குறையும்.

நிறத்திலும் விளக்கம் வேணும். கடல் தண்ணி சிவப்பொளியை முதலில் உறிஞ்சிவிடும், ஆழம் போகப்போக நீலமே மிஞ்சும். முருகைக்குள் இருக்கிற பாசிகளும் அந்த நீலத்துக்குப் பழகினவை. அதனால் 420 முதல் 460 நனோமீற்றர் நீலம் கூடுதலாக உள்ள எல்ஈடி நல்லது. எங்கள் பார்வைக்காகக் கொஞ்சம் வெள்ளையும் சேர்க்கலாம். ஆனால் நீலத்தையும் வெள்ளையையும் வேறுவேறாகக் கூட்டிக் குறைக்கக்கூடிய விளக்காக இருக்கவேணும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். விலை கூடின விளக்கு வாங்கினால் பிரச்சினை முடிஞ்சுது எண்டு சொல்லுவினம். குறைக்க முடியாத சக்திமிக்க விளக்கை முதல்நாளே முழு வீச்சில் எரிச்சால், காசு கொடுத்து முருகையைக் கொல்லுகிறோம் என்பதே அர்த்தம்.

மாட்டுகிற விதம் தெரிவைப் போலவே முக்கியம். 2 அடி நீளமான தொட்டிக்கு விளக்கு தண்ணிக்கு மேல் 20 முதல் 30 சென்ரிமீற்றர் உயரத்தில் இருந்தால் நல்ல தொடக்கம். மிகக் கிட்ட வைத்தால் நடுவில் ஒரு சுடுபொட்டு விழும், ஓரங்கள் இருட்டாகும். மிக உயர்த்தினால் வெளிச்சம் அறைக்குள் சிந்தும். கூரை மரத்திலிருந்து கம்பியில் தொங்கவிட்டால் பிறகு ஏற்றி இறக்குவது சுகம். அஸ்பெஸ்டஸ் கூரையிலோ தட்டிச் சீலிங்கிலோ கொளுவ வேண்டாம், மரத்தைத் தேடுங்கோ. விளிம்புச் சட்டம் இல்லாத கண்ணாடித் தொட்டியில் கவ்வியை இறுக்கி மாட்டுவதும் ஆபத்து. பாரம் கண்ணாடியில் ஏறாமல், பின்னாலுள்ள ஸ்ராண்டில் ஒரு கை பொருத்துங்கோ.

உப்புத்தண்ணி கரண்டை நன்றாகக் கடத்தும். வயர் பிளக்குக்கு ஏறமுதல் அதைவிடப் பதிவாக ஒரு தொங்கல் விடுங்கோ. வயர் வழியே வருகிற தண்ணி அந்தத் தொங்கலிலேயே சொட்டி விழும், பிளக்குக்குள் போகாது. வீட்டில் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்யுதா எண்டு பார்க்காமல் தொட்டிக்கு மேல் எதையும் மாட்டவே கூடாது.

பிறகு பொறுமை. முதல் கிழமை 30 வீதத்தில் எரியவிட்டு, மூன்று நாலு கிழமையில் மெல்லக் கூட்டுங்கோ. ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணித்தியாலம் காணும், மிச்சம் இருட்டு. பிஏஆர் மீற்றர் விலை கூடினது; ஒருவர் வாங்கினால் நாலு பேர் பாவிக்கலாம். ஃபோனில் வெளிச்சம் அளக்கிற செயலி நீலத்தைச் சரியாகக் கணக்கெடுக்காது. கரண்ட் போனால் பதற வேண்டாம். 2022இல் வந்த 13 மணித்தியால வெட்டுப்போல ஒன்று திரும்ப வந்தாலும் ஒரு நாள் இருட்டை முருகை தாங்கும். தண்ணி ஓட்டமும் காற்றும் நிற்பதைத்தான் தாங்காது. பற்றரியில் ஓடுகிற காற்றுப் பம்ப் ஒன்று இருந்தால் போதும்.

சூட்டையும் மறக்கக்கூடாது. தண்ணி 25 முதல் 27 பாகைக்குள் இருக்கவேணும். எங்கள் சித்திரை வெயிலில் அறையே 30 தாண்டும். ஆகவே விளக்குக்கும் தண்ணிக்கும் இடையே காற்று ஓடட்டும். சூடும் கடும் ஒளியும் சேர்ந்தால்தான் வெளிறல் வேகமாக வரும். 1998இல் ஹிக்கடுவையிலும் கற்பிட்டிக் கடலிலும் முருகைகள் வெளிறிச் செத்ததும் இதே வழியில்தான். அங்கே கடல் சூடாகியது, மேலே வெயில் எரித்தது. தொட்டியில் கைப்பிடியைத் திருப்பிக் குறைக்கலாம், கடலில் முடியாது.

அதனால்தான் எங்களுக்கு இன்னொரு பிடிவாதமும் உண்டு. கடலில் உடைத்து எடுத்த முருகையை வாங்கவே வேண்டாம். அப்படி உடைப்பது எங்கள் நாட்டுச் சட்டப்படி குற்றம். ஒரு வன்முருகைக் கிளை வருஷத்துக்குச் சில சென்ரிமீற்றர்தான் வளரும். தொட்டியில் வளர்த்து வெட்டின துண்டு, அது எங்கிருந்து வந்தது எண்டு காட்டக்கூடியவரிடம் இருந்து மட்டும் வாங்குங்கோ. அப்படி ஒருவர் கிடைக்காட்டி காத்திருங்கோ.

எப்படியும் புதுத் தொட்டியின் தண்ணி பதப்பட சில கிழமை எடுக்கும். அந்தக் கிழமைகளில் விளக்கை மாட்டி, உயரம் பார்த்து, குறைச்சுக் கூட்டி, வயரைச் சரிசெய்து முடியுங்கோ. அதுவரை தொட்டிக்குள் கல்லும் தண்ணியும் மட்டும் இருக்கட்டும். அது வெறுமையாகத் தெரியும், பரவாயில்லை.