மைக் வாங்கப் போறீங்களா? முதல்ல ஃபேனை நிறுத்துங்க!



இந்த வாரம் ஒரு மூவர் கூட்டணி கேள்வி அனுப்பியிருக்கு. இறுதியாண்டு படிக்கிற மூணு பேர், ஒரே ஹாஸ்டல் ரூம். வாரக் கடைசியில் கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறப் போய், சாம்பார் வாளி தூக்கிச் சேர்த்த காசு 10,000 ரூபாய் கையில் இருக்கிறதாம். பாட்காஸ்ட் ஆரம்பிக்கணும், ராத்திரியில் லைவ் ஆடியோ ரூமிலும் கலக்கணும். எந்த மைக் வாங்கலாம் என்பதுதான் கேள்வி.

அப்பா காசு என்றால் ஏதோ ஒரு மாடல் பேரைச் சொல்லிட்டு எஸ்கேப் ஆகியிருப்பேன். இது சாம்பார் வாளி காசு பாஸ்! அதனால் நான் சொதப்பிய கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

2021 ஞாபகம் இருக்கா? நீங்க ஆன்லைன் கிளாஸில் கேமராவை ஆஃப் பண்ணிட்டுத் தூங்கின காலம். அந்த மே மாசம் கிளப்ஹவுஸ் ஆண்ட்ராய்டுக்கு வந்ததும் ஊரே பேச்சாளர் ஆகிவிட்டது. நள்ளிரவு ஒரு மணிக்கு இளையராஜா ரூம், ரெண்டு மணிக்குப் பேய்க்கதை ரூம். நானும் ஜோரா ஒரு கண்டென்சர் மைக் வாங்கினேன். அதே ஜோரில் ஊருக்குப் போய், மாட்டுவண்டியில் மணப்பெண்ணாக வந்த கதையை ஆச்சியைச் சொல்லச் சொல்லி ரெண்டு மணி நேரம் ரெக்கார்ட் பண்ணினேன். ஆச்சி கட்டிலில். மைக் நடுக்கூடத்தில், ஸ்டூல் மேலே. இடையில் ஐந்தடி.

ராத்திரி ஹெட்போனில் போட்டுக் கேட்டால்... ஃபேன் அட்டகாசமாகப் பதிவாகியிருந்தது! குக்கர் மூணு விசில், பக்கத்து வீட்டுச் சேவல், தெருவில் போன கோலமாவுக்காரர் என்று எல்லாரும் ஆஜர். ஆச்சி மட்டும் கிணற்றுக்குள்ளே இருந்து பேசின மாதிரி. சரி, அடுத்த லீவுக்கு வந்து திரும்ப எடுத்துக்கலாம் என்று விட்டுவிட்டேன்.

தப்பு மைக் மேல இல்லை மக்களே. அந்த ஐந்தடி மேல!

தூரம்தான் வில்லன்

திறந்த வெளியில் வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரண்டு மடங்கானால், உங்க குரல் 6 டெசிபல் குறைந்துதான் மைக்குக்குப் போய்ச் சேரும். ஆனால் ஃபேன் சத்தம் அறை முழுக்க நிரம்பி நிற்பது; அது குறையவே குறையாது. குரலை ஏற்றுவதற்காக வால்யூமைக் கூட்டினால் ஃபேனும் சேர்ந்து ஏறும். இதை எந்த விலை மைக்காலும் மாற்ற முடியாது. வாயிலிருந்து நாலு விரல் தூரத்தில் இருக்கிற நூறு ரூபாய் இயர்போன் மைக், ஐந்தடி தள்ளி நிற்கிற பணக்கார மைக்கைத் தோற்கடித்துவிடும்.

பைசா செலவில்லாத வேலை

ரூம் நடுவில் நின்று ஒரு தடவை பலமாகக் கை தட்டுங்க. 'டங்ங்' என்று ஒரு வால் கேட்குதா? அதுதான் எதிரொலி. வெறும் சுவர், மொசைக் தரை, ஸ்டீல் பீரோ எல்லாம் கூட்டுச் சேர்ந்து செய்கிற சதி. மெத்தையைச் சுவரில் சாய்ச்சு வையுங்க. கொடியில் துணி காயட்டும், எடுக்காதீங்க (வார்டன் கேட்டால் 'அக்கூஸ்டிக்ஸ் சார்' என்று சொல்லலாம்). கம்பளிப் போர்வையை முக்காடு போட்டு, அதற்குள் உட்கார்ந்து பேசினால் இன்னும் அமர்க்களம். வேர்க்கும்தான். இருபது நிமிஷம் ஃபேன் இல்லாமல் இருந்தால் ஒண்ணும் ஆகாது.

உங்க காலேஜில் சமுதாய வானொலி இருந்தால் ஜாக்பாட். 2004 பிப்ரவரியில் 'பாட்காஸ்டிங்' என்ற வார்த்தை முதன்முதலில் லண்டன் 'கார்டியன்' பத்திரிகையில் அச்சேறியது. அதே மாசம்தான் அண்ணா பல்கலைக்கழகத்தில் அண்ணா எஃப்.எம். ஒலிபரப்பைத் தொடங்கியது. இந்தியாவின் முதல் கேம்பஸ் சமுதாய வானொலி அது. இப்படி நிலையம் வைத்திருக்கிற காலேஜ்களில் சத்தம் கட்டுப்படுத்திய ரூமும் மைக்கும் ஏற்கெனவே இருக்கும். போய் அனுமதி கேளுங்க. கேட்பதற்குக் காசு இல்லை.

டைனமிக்கா, கண்டென்சரா?

ஐஸ்கிரீம் கோன் மாதிரி கம்பி வலைத் தலையோடு மேடையில் பார்ப்பீங்களே, அது டைனமிக். 1966-ல் வந்த ஷூர் எஸ்.எம்.58 இந்த ஜாதிக்குப் பெரியண்ணன். இதோட காது கொஞ்சம் மந்தம். பக்கத்தில் வந்து பேசினால்தான் எடுக்கும், அடுத்த ரூம் கேரம்போர்டு சத்தத்தை அவ்வளவாகக் கண்டுக்காது. ஹாஸ்டலுக்கு இந்த மந்தம்தான் வரம்!

கண்டென்சர் பாம்புச் செவி. ஸ்டுடியோவில் ராஜா. ஹாஸ்டலில் ஒட்டுக்கேட்கிற பக்கத்து வீட்டு மாமி. அதிலும் எக்ஸ்.எல்.ஆர். வகை கண்டென்சர் என்றால் 48 வோல்ட் மின்சாரம் கொடுக்கத் தனியாக ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் வேணும். மைக் வாங்கின பிறகுதான் இது தெரியவரும். (அனுபவம் பேசுகிறது.)

வீடியோ பாட்காஸ்ட்களில் எல்லார் முகத்துக்கும் முன்னால் தொங்குகிற அந்தக் கறுப்பு மைக் வேணுமா? அது ஷூர் எஸ்.எம்.7பி. விலை முப்பதாயிரத்துக்கும் மேலே. அதுவும் குரலை ரொம்ப மெல்லிசாகத்தான் அனுப்பும்; தூக்கிவிடத் தனிக் கருவி வேணும். இப்போதைக்குப் படம் பார்த்து ரசிங்க.

சரி, 10,000-ஐ என்ன பண்றது?

மூணு யு.எஸ்.பி. மைக் வாங்கி ஒரே லேப்டாப்பில் சொருகலாம் என்று நினைக்காதீங்க. ஆடாசிட்டி மாதிரியான இலவச மென்பொருள் ஒரு நேரத்தில் ஒரு கருவியிலிருந்துதான் பதிவு செய்யும்.

அதுக்குப் பதிலா ஆளுக்கு ஒரு சட்டைக் காலர் மைக் வாங்குங்க. வயர் உள்ளதே போதும். ஒவ்வொண்ணும் ஆயிரம் ரூபாய் பக்கம். மூணு பேரும் அவங்கவங்க ஃபோனிலேயே ஃபிளைட் மோடில் போட்டு ரெக்கார்ட் பண்ணுங்க. ஆரம்பிக்கும்போது ஒருத்தர் ஒரு தடவை கை தட்டணும். சினிமா ஷூட்டிங்கில் கிளாப் அடிப்பதும் இதுக்குத்தான்; படத்தையும் சத்தத்தையும் பொருத்துவதற்கு. பிறகு மூணு ஃபைலையும் ஆடாசிட்டியில் அடுக்கி, கைதட்டல் முனை மூணும் ஒரே கோட்டில் வருகிற மாதிரி நகர்த்தினால் முடிஞ்சது.

வாங்கும்போது பின்னைப் பாருங்க. மூணு வளையக் கோடு இருந்தால் ஃபோனுக்கானது, ரெண்டு இருந்தால் கேமராவுக்கானது. கேமரா பின்னை ஃபோனில் சொருகினால், ஃபோன் கமுக்கமா தன் சொந்த மைக்கிலேயே பதிவு பண்ணும். உங்களுக்குத் தெரியவே தெரியாது! இதுக்கு ஒரு டெஸ்ட் இருக்கு. ரெக்கார்ட் ஆகும்போது மைக்கை நகத்தால் லேசாகச் சுரண்டுங்க. திரும்பக் கேட்கும்போது 'கரகர' என்று காதைக் கிழித்தால் மைக் வேலை செய்கிறது.

ஆக, செலவு மூவாயிரம் சொச்சம். மீதியைத் தொடாதீங்க. பத்து எபிசோடு முடிச்ச பிறகும் மூணு பேரும் பேசிக்கொண்டிருந்தால் (அதாவது ஒருத்தருக்கொருத்தர்!), அப்போ ஒரு யு.எஸ்.பி. டைனமிக் மைக் பற்றி யோசிக்கலாம்.

லைவ் ரூமுக்கு மட்டும்

லைவில் வயர் இயர்போன்தான் நண்பன். ஸ்பீக்கரில் போட்டால் அடுத்தவர் குரல் உங்க மைக்குக்குள் திரும்பப் போய் எதிரொலிக்கும். ப்ளூடூத் ஹெட்செட் பாட்டுக்கு சூப்பர். ஆனால் அதோட மைக்கை ஆன் பண்ணினதும் பெரும்பாலானவை ஃபோன் கால் தரத்துக்கு இறங்கிவிடும். குரல் டப்பாவுக்குள்ளிருந்து வரும். பாட வேண்டியிருந்தால் ஆப்பில் சத்தக் குறைப்பு வசதியை அணைச்சிடுங்க. இல்லாட்டி அது உங்க மிருதங்கத்தையும் ஃபேன் என்று நினைச்சு அமுக்கிவிடும். 'ப' சொல்லும்போது மைக்கில் 'புஸ்' என்று அடித்தால், மைக்கை வாய்க்கு நேரே இல்லாமல் கொஞ்சம் ஓரமாக வையுங்க. 'பப்பாளி' என்று பத்து தடவை சொல்லிப் பழகுங்க.

இன்னொண்ணு. ஆப்பை நம்பிக் கருவி வாங்காதீங்க. 2023-ல் ஸ்பாட்டிஃபை தன் லைவ் ஆப்பை இழுத்து மூடியது. அதே வருஷம் கிளப்ஹவுஸும் ரூம்களை விட்டுக் குரல் மெசேஜ் குழுக்கள் பக்கம் சாய்ந்தது. ஆப் வரும், போகும். மைக்கை வாய்க்கு அருகே வைக்கிற பழக்கம் எங்கேயும் போகாது.

ஆச்சி கதையை முடிக்கலையே... அந்த அடுத்த லீவு வரவே இல்லை. 2022-ல் ஆச்சி போயிட்டா. ரெண்டு மணி நேர ஃபைல் இன்னும் என்கிட்ட இருக்கு. எத்தனை மென்பொருளில் போட்டுச் சலித்தாலும் ஃபேன் போனால் ஆச்சியும் சேர்ந்து போகிறாள். தெளிவாக இருப்பது ஒண்ணே ஒண்ணு. சித்தி மகள் ஃபோனை ஆச்சி வாய்க்குப் பக்கத்தில் பிடிச்சு அனுப்பின வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ். மொத்தம் 40 செகண்டு. 'ஏலே, சாப்ட்டியா? ஏன் போனே போட மாட்டேங்க?'

அதனால, சாம்பார் வாளி சங்கத்துக்கு என் பதில் இதுதான். முதல் எபிசோடுக்குப் பிரபலத்தைத் தேடாதீங்க. இந்த வாரம் ஊருக்குப் போறீங்கல்ல? ஃபேனை அணைச்சிட்டு, இருக்கிற ஃபோனை வீட்டுப் பெரியவங்க வாய்க்கிட்ட பிடிங்க. மைக் அடுத்த மாசமும் கடையில் கிடைக்கும்.

ஓகே ஃப்ரெண்ட்ஸ், அடுத்த வாரம் பார்க்கலாம்!