வாடகையே தவணையைக் கட்டுமாம்!

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகும் சாலையில் ஃபிளெக்ஸ் பலகைகள் எல்லாம் ஒரே பாட்டைத்தான் பாடுகின்றன: ‘கடல் பார்த்த வீடு, வாடகையே தவணையைக் கட்டும்.’ படம் மாறும், கம்பெனி மாறும், வாசகம் மட்டும் வருஷக்கணக்காக மாறவில்லை. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர்கூட இதையே ஓதுகிறார். துபாயிலும் மஸ்கட்டிலும் சென்னையிலும் சம்பாதிக்கிற நம்ம ஊர்க்காரர்கள்தான் குறி. வாங்கிப் போட்டால் போதுமாம். சுற்றுலா வருகிறவர்கள் தங்கித் தங்கியே கடனை அடைத்து, வீட்டை நம் கையில் தந்துவிட்டுப் போவார்களாம். உலகத்தில் இவ்வளவு நல்லவர்கள் இருப்பது எனக்கு இத்தனை நாள் தெரியவில்லை.

‘கூட்டம் குவிகிற ஊர்’ என்பது முதல் வாதம். குவிகிறது, யார் இல்லை என்றது? வந்த கூட்டம் என்ன செய்கிறது? சாயங்காலம் நாலு மணிக்கு வண்டி வந்து நிற்கும். அஸ்தமனம் பார்ப்பார்கள், பகவதியம்மனைக் கும்பிடுவார்கள், சங்குமாலையும் கலர் மணல் பொட்டலமும் வாங்குவார்கள், தின்றுவிட்டுப் படுப்பார்கள். விடியுமுன் லாட்ஜ் பையன் கதவைத் தட்டுவான். உதயம், படகுத்துறை வரிசை, விவேகானந்தர் பாறை. மதியத்துக்குள் வண்டி சுசீந்திரத்தைத் தாண்டியிருக்கும். மொத்தத்தில் ஒரு ராத்திரி. 1970-ல் பாறை நினைவு மண்டபம் திறந்த காலந்தொட்டு இந்த ஊர்த் தொழில் இந்த ஒற்றை ராத்திரியை நம்பித்தான் ஓடுகிறது. லாட்ஜ்காரருக்கு அது கட்டும். முப்பது அறைக்கு நாலு பையன்கள் போதும், மொத்தமாக வெளுக்கப் போட்டால் விரிப்புச் செலவும் தாங்கும். உங்கள் ஒற்றை ஃபிளாட்டுக்கு? தினம் விரிப்பு மாற்ற, கழிப்பறை கழுவ, நள்ளிரவில் வருகிறவனுக்குச் சாவி கொடுக்க ஆள் வேண்டும். நீங்களோ ஷார்ஜாவில் இருப்பீர்கள்.

சீசன் இருக்கிறதே என்பார்கள். கார்த்திகை பிறந்தால் ஐயப்ப சாமிமார் வருவார்கள்தான். பஸ்ஸோடு வந்து, சாலையோரம் சமைத்து, மண்டபத்தில் வரிசையாகப் படுத்து எழுந்து போகிறவர்கள் அவர்கள். இரண்டு படுக்கையறை ஃபிளாட்டைத் தேடுகிறவர்கள் அல்ல. சிக்கனமாகத் தங்க நினைக்கும் குடும்பத்துக்கு விவேகானந்தபுரம் இருக்கிறது, அரசின் ஹோட்டல் தமிழ்நாடும் இருக்கிறது. மிச்சம் கோடை விடுமுறையும் சனி ஞாயிறும்.

பேச்சு வேண்டாம், காகிதத்தில் போட்டே பார்ப்போம். வீடு 60 லட்சம், அதில் கடன் 45 லட்சம், வட்டி 9 சதவீதம், 20 வருடம் என்று வையுங்கள். மாதத் தவணை சுமார் 40,500 ரூபாய். ராத்திரிக்கு 2,500 கிடைக்கிறது என்று தாராளமாகவே போடுகிறேன். கமிஷன், கரண்ட், சலவை, காவலாள் என்று ஒரு காசு செலவில்லாவிட்டாலும், தவணையை மட்டும் அடைக்க வருஷத்தில் 195 ராத்திரி வீடு நிறைய வேண்டும். செலவையும் சேர்த்தால் எவ்வளவு என்று விற்க வருகிற அண்ணாச்சியையே கேளுங்கள். அவர் உடனே விவேகானந்தர் பாறையருகே கட்டிய கண்ணாடிப் பாலத்துக்குத் தாவுவார்.

ஆமாம், 2024 டிசம்பர் 30-ல் திறந்தார்கள். 37 கோடி ரூபாய், 77 மீட்டர் நீளம். நின்று நிதானமாகச் செல்ஃபி எடுத்தாலும் அரை மணி நேரத்தில் தாண்டிவிடலாம். அதற்காக எவனும் இன்னொரு ராத்திரி தங்கப் போவதில்லை.

‘அடுத்த கோவா’ என்று ஒரு புளுகு. கோவாவில் மணலில் படுத்துக் குளித்துக் குடித்து நாலு நாள் கிடக்கிறார்கள். நம்முடையது பாறையும் சுழலும் உள்ள கடல். 2024 மே மாதம் இதே மாவட்டத்து லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேரை அலை கொண்டுபோனதை அதற்குள் மறந்தாயிற்றா?

‘பஞ்சாயத்து அனுமதி வாங்கியாச்சு சார்.’ கொச்சி மரடிலும் வாங்கித்தான் வைத்திருந்தார்கள். கடலோர விதியை மீறியவை என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் நாலு அடுக்குமாடிக் குடியிருப்புகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம் உண்டு. அதற்குள் இருந்தால் வழக்குப் பயம். அதற்கு வெளியே என்றால் ‘கடல் பார்த்த வீடு’ என்பது தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி நின்று பார்த்த வீடு.

உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிப்பதையும் ஏசி பெட்டி உதிர்வதையும் ஊரிலுள்ள எந்த மெக்கானிக்கிடமும் விசாரித்துக்கொள்ளலாம்.

கடைசி அஸ்திரம், ‘விலை ஏறும்.’ ஏறட்டுமே. பிரேசிலில் பல்னேயாரியோ கம்போரியு என்று ஒரு கடற்கரை நகரம். அந்த நாட்டிலேயே வீட்டு விலை உச்சத்தில் நிற்கும் ஊர்களில் ஒன்று. கடலோரம் கோபுரம் கோபுரமாகக் கட்டித் தள்ளியதில், மதியம் திரும்பினால் மணலில் வெயிலே விழவில்லை. வெயில் காயப் போன இடத்தில் நிழல்! 2021-ல் கடலுக்கடியிலிருந்து மணலை வாரிக் கொட்டிக் கரையை அகலப்படுத்தினார்கள். விலை ஏறியவன் பாடே அப்படி. இங்கே கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளைந்த வயலில் கல் நட்டு, அதற்கும் கடற்கரை விலை சொல்கிறார்கள்.

சித்ரா பௌர்ணமியன்று சூரியன் இறங்குவதையும் நிலா ஏறுவதையும் பார்க்க ஆசையா? லாட்ஜில் ஒரு அறை போடுங்கள். விடிந்ததும் சாவியைக் கவுண்டரில் வைத்துவிட்டுப் பஸ் ஏறுங்கள்.