விஷத்துக்கு எதுக்கு போட்டோ?

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். நாமக்கல் பக்கம் மாமாவுக்குக் கோழிப்பண்ணை. பேச்சுவாக்கில், பாக்டீரியா விஷத்தை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் படம் பிடிக்கிறார்கள் என்று சொல்லித் தொலைத்தேன்.

"கோடிக்கணக்குல மிஷின் வாங்கி விஷத்த போட்டோ புடிக்கறாங்களா மாப்ள? டிடி ஊசிய போட்டோ பாத்தா கண்டுபுடிச்சாங்க?"

மாமா மட்டுமில்லை மக்களே, நல்லாப் படிச்ச நம்மாளுங்களும் இதையேதான் கேட்கிறார்கள். அதான் இந்தப் பதிவு.

மாமா சொன்னதில் பாதி சரி. டெட்டனஸ் தடுப்பூசி 1920களில் வந்தது. விஷத்தின் முழு உருவம் வெளியானது 2017இல்தான், அதுக்கும் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் துணை. ஆனால் ஊசியெல்லாம் விஷம் நரம்புக்குள் நுழையும் வரைக்கும்தான். நுழைஞ்சிட்டா எதுவும் அதை வெளியே இழுக்காது. போட்டுலினம் விஷத்துக்கும் அதே கதை. கழுத்து துவண்டு விழுந்த கோழிகளைக் குழியில் போட்டு மூடினதைத் தவிர மாமா என்ன செஞ்சுட்டார்?

எப்படி நுழையுது என்பதுதான் கேள்வி. அந்தப் புரதத்தில் ஒரு பகுதி நரம்பைப் பிடிக்கும், ஒன்று வழி போடும், இன்னொன்று உள்ளே போய் வெட்டும். போட்டுலினம் ஏ வகையில் பிடிப்பதும் வெட்டுவதும் எதிரெதிர்ப் பக்கம். ஈ வகையை 2008இல் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், ரெண்டும் ஒரே பக்கம்! 2009இல் அமெரிக்காவின் புரூக்ஹேவனில் குமரன், ஈஸ்வரமூர்த்தி, சுவாமிநாதன் குழு (பேரைப் பாருங்க!) படிகத்திலும் அதையே காட்டியது. ஈ வகை வேகமாக உள்ளே நுழைவதற்கு இந்த அமைப்பு காரணமாக இருக்கலாம் என்றார்கள்.

ஒரே போட்டோவில் இதெல்லாம் தெரியாது. ஆயிரக்கணக்கான மங்கலான படங்களை வகை பிரித்து, அடுக்கி, சராசரி எடுக்கணும். பாதி வேலை நம்மள மாதிரி புரோகிராம் எழுதுறவன் வேலை. மிஷினும் பெங்களூரிலேயே இருக்கு, சேலத்திலிருந்து பஸ்ஸில் நாலஞ்சு மணி நேரம்.

கடைசியா மாமாகிட்ட ஒண்ணு கேட்டேன். அம்மாயிக்கு முதல் ரெண்டு குழந்தைகளும் எட்டாம் நாளுக்குள் இழுப்பு வந்து போய்ச் சேர்ந்ததுங்க. வீட்டுப் பிரசவம், அரிவாளால் தொப்புள்கொடி. ஊரில் ரண ஜன்னின்னாங்க. இந்தியாவில் பச்சைக்குழந்தை டெட்டனஸ் ஒழிஞ்சதுன்னு உலக சுகாதார நிறுவனம் ஒத்துக்கிட்டது 2015இல். தடுப்பூசி வந்து தொண்ணூறு வருஷம் கழிச்சு!

"ஊசி வந்து சேரலை சரி. உள்ளே போன விஷத்துக்கு மருந்து இருந்திருந்தா, உங்களுக்கு மூத்தவங்க ரெண்டு பேரு இருந்திருப்பாங்கல்ல மாமா?"

கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் கேட்டார், "அந்த மிஷின் என்ன வெல மாப்ள?"