பழி துப்பாக்கிக்கு, பிழை விரலுக்கு

அமெரிக்காவில் சட்டைக்குள் மறைத்து எடுத்துச் செல்வதற்கென்றே செய்யப்படும் சிறிய கைத்துப்பாக்கிகள் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பெருகிவிட்டன. 2012இல் ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனத்தின் ஷீல்டு, 2015இல் கிளாக் 43, 2018இல் சிக் சாவர் பி365 என்று அடுத்தடுத்து வந்தவை எல்லாம் உள்ளங்கைக்குள் பெரும்பாலும் மறைந்துவிடும் 9 மில்லிமீட்டர் துப்பாக்கிகள். இவற்றில் ஒன்றைப் புதிதாக வாங்கியவர் சுடுதளத்துக்குப் போகிறார். 7 மீட்டர் தொலைவில் தாளைத் தொங்கவிட்டு, நடுப்புள்ளியைக் குறிபார்த்துச் சுடுகிறார். துளைகள் நடுவில் விழவில்லை. இடப்பக்கம் கீழே அரைச் சாண் தள்ளிக் கூட்டமாக விழுகின்றன. உடனே ஒரு முடிவு பிறக்கிறது: தொழிற்சாலையில் குறியைக் கோணலாகப் பொருத்திவிட்டார்கள், அல்லது குழல் குட்டையாக இருப்பதால் இதற்குமேல் துல்லியம் வராது. அடுத்த வாரம் பின்குறியைத் தட்டி வலப்பக்கம் நகர்த்துகிறார்கள். அதற்கும் சரிவரவில்லை என்றால் விசையை மாற்றுகிறார்கள், கடைசியில் துப்பாக்கியையே விற்கிறார்கள். பரவலாக வேரூன்றிவிட்ட இந்த நம்பிக்கை தவறானது. தவறு என்பதோடு நில்லாமல், ஆயுதத்தை வைத்திருப்பவரைச் சுற்றி நிற்பவர்களுக்கு அது ஆபத்தானதும்கூட.

முதலில் குழலின் நீளத்தைப் பார்ப்போம். பி365இன் குழல் ஏறத்தாழ 79 மில்லிமீட்டர். முழு அளவுத் துப்பாக்கியான கிளாக் 17இன் குழல் 114 மில்லிமீட்டர். நீளம் குறைந்தால் குண்டின் வேகம் கொஞ்சம் குறையும், அது உண்மை. ஆனால் குண்டு நேராகப் பறப்பதற்குக் காரணம் அதன் சுழற்சி. அந்தச் சுழற்சியைத் தீர்மானிப்பவை குழலுக்குள் இருக்கும் முறுக்குக் கோடுகளின் நெருக்கமும் குண்டு வெளியேறும் வேகமும்தான். இந்த வகைக் குழல்களில் சுமார் 250 மில்லிமீட்டருக்கு ஒரு சுற்று என்ற அளவில் முறுக்கு இருக்கும். 80 மில்லிமீட்டர் குழலுக்குள் குண்டு மூன்றில் ஒரு சுற்றைக்கூட முழுதாக முடிப்பதில்லை என்றாலும், நொடிக்கு 330 மீட்டர் வேகத்தில் வெளியேறும்போது அது நொடிக்கு 1,300 தடவைக்கு மேல் சுழன்றுகொண்டிருக்கிறது. நீளமான குழலிலிருந்து வரும் குண்டின் சுழற்சிக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. மணல்மூட்டை மேல் சாய்த்துவைத்து நல்ல கைகாரர் சுட்டால், இந்தக் குட்டைத் துப்பாக்கிகள் 25 கெஜத்தில், அதாவது ஏறத்தாழ 23 மீட்டரில், 10 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் குண்டுகளை அடக்குவது சாதாரணம். 7 மீட்டரில் அது 3 சென்டிமீட்டர். அரைச் சாண் விலகலுக்குக் குழல் பொறுப்பேற்க முடியாது.

முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே உள்ள தூரம் சிறிய துப்பாக்கியில் குறைவு, அதனால்தான் குறி தவறுகிறது என்று சொல்பவர்கள் ஓரளவு விவரம் தெரிந்தவர்கள். அவர்களுக்குக் கணக்கையே பதிலாகத் தரலாம். இந்தத் தூரம் கிளாக் 17இல் 165 மில்லிமீட்டர், கிளாக் 43இல் சுமார் 130 மில்லிமீட்டர். முன்குறி ஒரு மில்லிமீட்டர் விலகி நின்றால், 7 மீட்டர் தொலைவில் பெரிய துப்பாக்கியின் குண்டு 42 மில்லிமீட்டர் தள்ளி விழும். சிறியதன் குண்டு 54 மில்லிமீட்டர் தள்ளி விழும். வித்தியாசம் 12 மில்லிமீட்டர், ஒரு விரல் அகலம்கூட இல்லை. இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் குறிகள் மீதான குற்றச்சாட்டும் ஆட்டம் காண்கிறது. குண்டு 10 சென்டிமீட்டர் இடப்பக்கம் விழுவதற்குப் பின்குறியின் கோணல்தான் காரணம் என்றால், அது நடுவிலிருந்து ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் நகர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். குழலை மூடியிருக்கும் மேல்பாகமான அத்தனை சிறிய ஸ்லைடின் மேல் 2 மில்லிமீட்டர் கோணல் வெறும் கண்ணுக்கே தெரியும். கீழே விழுவதற்கும் இதே நிலைதான். கிளாக் நிறுவனம் தரும் பின்குறிகளின் உயரங்கள் 6.1, 6.5, 6.9, 7.3 மில்லிமீட்டர். மிகக் குட்டையானதைக் கழற்றிவிட்டு மிக உயரமானதைப் பொருத்தினாலும் மாற்றம் 1.2 மில்லிமீட்டர்தான்; 7 மீட்டரில் அது 6.5 சென்டிமீட்டரைத் தாண்டி எதையும் திருத்தாது. தொழிற்சாலை செய்யக்கூடிய பிழையின் எல்லையையே தாண்டி நிற்கும் ஒரு விலகலுக்குத் தொழிற்சாலையைக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அப்படியானால் காரணம் எங்கே இருக்கிறது? எடைகளை ஒப்பிட்டால் விடை கிடைக்கும். காலி மேகசினோடு சேர்த்து இந்தத் துப்பாக்கிகளின் எடை சுமார் 500 கிராம். அவற்றின் விசையை இழுக்கத் தேவைப்படும் அழுத்தமோ ஏறக்குறைய இரண்டரைக் கிலோ. அதாவது பொருளின் எடையைப் போல ஐந்து மடங்கு பலத்தை, அதுவும் அதன் ஓரத்தில், ஒற்றை விரலால் செலுத்துகிறோம். பாரிஸில் 2024இல் மனு பாக்கர் வெண்கலம் வென்ற 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியின் விதிகளை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே துப்பாக்கியின் எடை 1,500 கிராம் வரை போகலாம். விசையின் அழுத்தம் 500 கிராமுக்குக் குறையாமல் இருந்தால் போதும். உலகின் மிகச் சிறந்த வீரர்கள் துப்பாக்கி எடையின் மூன்றில் ஒரு பங்கு பலத்தோடு விசையை அழுத்தலாம். புதிதாகக் கற்பவர் எடையைப் போல ஐந்து மடங்கு பலத்தோடு அழுத்த வேண்டியிருக்கிறது. விரல் நேர்ப் பின்னோக்கி வராமல் சற்றே பக்கவாட்டில் தள்ளினாலும், மற்ற விரல்கள் அதோடு சேர்ந்து இறுகினாலும், இத்தனை இலேசான பொருள் அசையாமல் இருக்க வழியே இல்லை. வலக்கையின் விரல்கள் ஒன்றாக இறுகும்போது குழலின் முனை இடப்பக்கம் கீழே சரியும். தாளில் துளைகள் கூடும் இடமும் அதுதான்.

இதோடு அதிர்ச்சியின் எதிர்பார்ப்பும் சேர்ந்துகொள்கிறது. இலேசான துப்பாக்கி கையைப் பலமாக உதைக்கும். இரண்டு மூன்று தடவை அடி வாங்கிய உடம்பு, அடுத்த அடி வரும் நொடியை முன்கூட்டியே கணித்து, மணிக்கட்டால் குழலைக் கீழே அழுத்தி ஈடுகட்டப் பார்க்கிறது. இங்கே ஒரு பௌதிக உண்மையை நினைவில் வைக்க வேண்டும். பின்னுதைப்பு குழலின் முனையை மேலே தூக்குமே தவிர ஒருபோதும் கீழே தள்ளாது. குண்டு குழலுக்குள் இருக்கும் நேரமோ ஒரு மில்லிநொடிக்கும் குறைவு. வெடித்த பிறகு கை அசைந்து குண்டின் போக்கைக் கீழே திருப்ப அவகாசமே கிடையாது. ஆகவே குண்டு அவ்வளவு கீழே விழுந்தால், வெடிப்பதற்கு முன்பே யாரோ குழலைக் கீழே அழுத்தியிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். துப்பாக்கியைத் தவிர அங்கே இருப்பவர் அதைப் பிடித்திருப்பவர் ஒருவர்தான்.

ஆடத் தெரியாதவர் கூடத்தைக் கோணல் என்கிறார் என்று இதை ஏளனமாக ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. சுடுபவர் பொய் சொல்லவில்லை. குறிகள் நேராக நின்றதை அவர் கண்ணால் பார்த்தார், பார்த்தது உண்மை. அதற்கடுத்த நொடியின் சிறு பகுதியில் குழல் சரிந்ததை மட்டும் அவர் பார்க்கவில்லை, ஏனென்றால் கண் அப்போது இமைத்துவிட்டது. திறந்தபோது பின்னுதைப்பு குழலை மேலே தூக்கியிருந்தது. தடயம் அழிந்துபோகிறது. அதனால்தான் இந்த நம்பிக்கை இவ்வளவு உறுதியாக நிற்கிறது. அழிந்த தடயத்தை மீட்கும் சோதனை நெடுங்காலமாகப் பயிற்சியாளர்களிடம் இருக்கிறது. வேறொருவர் மேகசினில் உண்மைத் தோட்டாக்களுக்கு நடுவே ஓரிரண்டு டம்மி தோட்டாக்களைக் கலந்து நிரப்பித் தருவார். எது எந்த இடத்தில் இருக்கிறது என்று சுடுபவருக்குத் தெரியாது. டம்மியின் முறை வரும்போது வெடிச்சத்தத்துக்குப் பதிலாக வெறும் சொடுக்குச் சத்தம்தான் கேட்கும். பின்னுதைப்பு இல்லாத அந்தக் கணத்தில் குழலின் முனை கீழே குத்துவதைச் சுடுபவரே தன் கண்ணால் காண்பார். அதன்பின் விவாதத்துக்கு இடமில்லை. இன்னும் எளிய சான்றும் உண்டு. அதே துப்பாக்கியை இடக்கைப் பழக்கமுள்ள ஒரு புதியவர் சுட்டால் துளைகள் பெரும்பாலும் வலப்பக்கம் கீழே விழும். பின்குறி கோணலாக இருந்தால், பிடிக்கும் கைக்கு ஏற்ப அது எப்படிப் பக்கம் மாறும்?

இந்த வாதத்துக்கு எதிராக எழக்கூடிய மிக வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு: 'என் பெரிய துப்பாக்கியால் இதே கையால் சரியாகத்தானே சுடுகிறேன், சிறியது மட்டும் தவறுகிறதே?' கவனிப்பு சரி, முடிவுதான் தவறு. பெரிய துப்பாக்கியின் கூடுதல் எடையும், சுண்டுவிரலுக்கும் இடம் தரும் நீண்ட கைப்பிடியும், சற்றுச் சாதுவான உதைப்பும் அதே விரல் பிழையை உள்வாங்கி மறைத்துவிடுகின்றன. அங்கே 2 சென்டிமீட்டராகச் சுருங்கி யார் கண்ணிலும் படாத பிழை, இங்கே 10 சென்டிமீட்டராக விரிந்து வெளியே வருகிறது. சிறிய துப்பாக்கி புதிய பிழையை உண்டாக்கவில்லை, இருந்ததைக் காட்டிக்கொடுக்கிறது. சிறியதால் சுடுவது கடினம் என்பதை நான் மறுக்கவில்லை. சுடுவதற்குக் கடினமானது வேறு, துல்லியம் இல்லாதது வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் பணமும் காலமும் விரயமாகின்றன.

துப்பாக்கியில் கோளாறே வராது என்று சொல்வதும் அறிவுடைமை ஆகாது. முன்குறியின் திருகு தளர்ந்திருக்கலாம். சிவப்புப் புள்ளிக் கண்ணாடி பொருத்தியிருந்தால் அதன் ஆணிகள் ஆடலாம். தோட்டாவை மாற்றினால் குண்டு விழும் உயரமும் மாறும்: 9 மில்லிமீட்டரில் 115 கிரெய்ன், 124, 147 என்று குண்டின் எடை கூடும்போது அது குழலுக்குள் சற்று அதிக நேரம் இருக்கிறது, அதற்குள் முனை கொஞ்சம் எழும்பிவிடுவதால் பொதுவாக மேலே விழும். ஆனால் 7 மீட்டரில் இந்த மாற்றம் சிறியது. சில நிறுவனங்கள் குண்டு முன்குறியின் உச்சியில் விழும்படி அமைக்கின்றன, சில அதன் புள்ளிக்கு நேராக விழும்படி; இதை அறியாமல் ஓரிரு சென்டிமீட்டர் குறைபட்டுக்கொள்பவர்களும் உண்டு. குழலே பழுது என்றால் துளைகள் ஒரே பக்கம் கூடாமல் நாலாபக்கமும் சிதறும். இவற்றை எல்லாம் விரல் பிழையிலிருந்து பிரித்தறிய வழி இருக்கிறது. மணல்மூட்டையில் சாய்த்து, மெதுவாக, குறைந்தது பத்துத் தோட்டாக்கள் சுட வேண்டும். பிறகு தேர்ந்த ஒருவரிடம் கொடுத்து அதே தாளில் சுடச் சொல்ல வேண்டும். அவருக்கும் அதே இடத்தில் விழுந்தால் மட்டுமே குறியில் கைவைக்கலாம். மூன்று துளைகளை வைத்து முடிவுக்கு வருவது ஆராய்ச்சி ஆகாது. துளைகள் நெருக்கமாக விழுவதே துப்பாக்கியின் குற்றத்துக்குச் சான்று என்று நினைப்பதும் தவறு, ஏனென்றால் பழகிப்போன விரல் பிழை வியப்பூட்டும் ஒழுங்கோடு ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும். ஐந்நூறு தோட்டா சுட்டால் எல்லாம் தானாகப் படிந்துவிடும் என்ற ஆறுதலும் இப்படிப்பட்டதே. அதற்குள் உலோகப் பாகங்கள் ஒன்றோடொன்று வழுவழுப்பாகலாம். பிழையான பழக்கமும் ஐந்நூறு தடவை பயிற்சி பெற்றிருக்கும்.

விசையின் கனம் துப்பாக்கியின் குணம்தானே, அதைக் குறை சொல்லக் கூடாதா என்று கேட்பவர்களுக்கு நியூயார்க் காவல்துறை ஒரு படிப்பினை. அங்கே பல ஆண்டுகள் காவலர்களின் துப்பாக்கிகளுக்கு 12 பவுண்டு, அதாவது சுமார் ஐந்தரைக் கிலோ விசை இருந்தது. 2008இல் ராண்ட் நிறுவனம் வெளியிட்ட ஆய்வின்படி, இருபுறமும் சுட்டுக்கொண்ட மோதல்களில் அந்தக் காவலர்கள் சுட்டவற்றில் இலக்கைத் தொட்டவை 18 விழுக்காடுதான். 2012 ஆகஸ்ட் 24 அன்று எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் அருகே ஒரு கொலையாளியை நோக்கி இரண்டு காவலர்கள் 16 தடவை சுட்டார்கள். வழியில் நின்ற 9 பேர் அந்தக் குண்டுகளாலும் சிதறிய துண்டுகளாலும் காயமடைந்தார்கள். மோதலின் பதற்றமும் அசையும் இலக்கும் இதில் பெரும்பங்கு வகிப்பவை. எல்லாவற்றையும் விசையின் மேல் சுமத்த முடியாது. ஆனால் விசை கனமானால் குறி கெடும் என்பதை ஒத்துக்கொள்பவர், குறியைக் கெடுப்பது அதை இழுக்கும் விரலின் பலம்தான் என்பதையும் சேர்த்தே ஒத்துக்கொள்கிறார். இலேசான விசை அந்தப் பிழையைக் குறைக்கும், நீக்காது. சட்டைப்பைக்குள் சுமக்கும் ஆயுதத்தில் விசையை அளவுக்கு மீறி இலேசாக்குவது வேறொரு விபத்துக்கு வழி வைப்பதாகும்.

பின்குறியைத் தட்டி நகர்த்துவதில் உள்ள தீங்கு இதைவிட மோசமானது. நகர்த்தியதும் துளைகள் நடுவுக்கு வந்துவிடும், சுட்டவர் மகிழ்வார். ஆனால் அந்தத் திருத்தம் அவர் பிழை செய்யும்வரைதான் பலிக்கும். என்றைக்கு அவர் நிதானமாக, சரியாக விசையை அழுத்துகிறாரோ, அன்றைக்குக் குண்டு வலப்பக்கம் போகும். களைப்பில், குளிரில், அச்சத்தில், வேறு தோட்டாவில் விரல் பிழையின் அளவு மாறிக்கொண்டே இருக்கும். இரும்பில் செய்த திருத்தம் அதோடு சேர்ந்து மாறாது. கூட்டம் நிறைந்த தெருவில் அந்தக் குண்டு எங்கே போய் நிற்கும் என்பதை முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. எங்கே போய் நின்றாலும் அதற்கான பொறுப்பு சுட்டவருடையது.

ஆகவே புதுத் துப்பாக்கியோடு சுடுதளத்திலிருந்து ஏமாற்றத்தோடு திரும்புபவருக்கு ஒரு வேண்டுகோள். கருவிப்பெட்டியைத் திறக்காதீர்கள். மேகசினைக் கழற்றி, அறை காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் சரிபார்த்து, தோட்டாக்கள் எதுவும் இல்லாத அறையில், பத்திரமான சுவரை நோக்கி, குறி அசையாமல் விசையை இழுக்கப் பழகுங்கள். நாளுக்குப் பத்து நிமிடம் போதும், செலவு ஒன்றும் இல்லை. சில வாரங்கள் கழித்து டம்மி தோட்டாக்களைக் கலந்து சோதித்துப் பாருங்கள். குழல் அசையாமல் நின்று, அப்போதும் துளைகள் இடப்பக்கமே விழுந்து, தேர்ந்த இன்னொருவர் சுட்டபோதும் அங்கேயே விழுந்தால், அப்போது துப்பாக்கியைத் தயாரித்தவருக்கு எழுதுங்கள். அதுவரை பின்குறி இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.